நாய்க்குட்டியின் தொப்புளில் புடைப்பா? ஆபரேஷன் எப்போது தேவை, அதற்குப் பிறகு என்ன செய்யணும்?

நீங்கள் ஹேவ்லாக்கில் வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டைவிங் சென்டரோ, ரிசார்ட்டோ, லேப்டாப்பைத் திறந்தால் ஆபீஸோ, ஏதோ ஒன்று. கடற்கரையில் சுற்றிய ஒரு நாய்க்குட்டி உங்கள் வாசலிலேயே தங்கிவிட்டது. ஒருநாள் அது மல்லாந்து படுத்தபோது வயிற்றைத் தடவுகிறீர்கள். தொப்புள் இருக்கும் இடத்தில் கோலிக்குண்டு மாதிரி ஒரு புடைப்பு. கட்டியா? பூச்சிக்கடியா? உடனே கப்பல் ஏறணுமா?

பெரும்பாலும் அது தொப்புள் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. பல குட்டிகளுக்கு இதனால் எந்தத் தொந்தரவும் வராது. சில குட்டிகளுக்கு மட்டும் உயிரைக் காப்பாற்ற உடனடி ஆபரேஷன் தேவைப்படும். உங்கள் குட்டி எந்த ரகம் என்பதை விரலால் தொட்டே ஓரளவு தெரிஞ்சுக்கலாம்.

ஹெர்னியா எப்படி வருகிறது?

தாயின் வயிற்றில் இருக்கும்போது தொப்புள்கொடி நுழைவதற்காகக் குட்டியின் வயிற்றுத் தசையில் ஒரு துளை இருக்கும். பிறந்த பிறகு அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். சில குட்டிகளுக்கு முழுதாக மூடாது. அந்த இடைவெளி வழியாக உள்ளே இருக்கும் கொழுப்போ, சில நேரம் குடலோ தோலுக்கு அடியில் வந்து நிற்கும். நாம் பார்க்கிற புடைப்பு அதுதான்.

"தாய் நாய் கொடியைக் கடித்து இழுத்ததால் வந்தது" என்று சொல்வார்கள். பெரும்பாலான குட்டிகளில் காரணம் அது இல்லை. பரம்பரையாக வருவதுதான் அதிகம். அதனால்தான் ஹெர்னியா உள்ள நாயை இனப்பெருக்கத்துக்கு விட வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள்.

விரலால் எப்படிப் பார்ப்பது?

குட்டி அமைதியாக இருக்கும்போது மல்லாத்திப் படுக்க வைத்து, புடைப்பை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். மெத்தென்று இருந்து, வலியில்லாமல் உள்ளே போனால் இப்போதைக்குப் பயமில்லை. உள்ளே போனதும் விரல் நுனியில் ஒரு வளையம் தட்டுப்படும். அதுதான் அந்தத் துளை. அதன் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுமார் 5 அல்லது 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும் சின்னத் துளைகள் பல நேரம் 6 மாத வயதுக்குள் தானாகவே மூடிவிடும். அதில் கொழுப்பு மட்டும்தான் எட்டிப் பார்க்க முடியும். துளை ரொம்பப் பெரிதாக இருந்தால் குடல் உள்ளே வெளியே என்று தடையில்லாமல் போய்வரும். ஆபத்து அதிகம் இருப்பது நடுத்தர அளவில். ஒரு விரல் நுழைகிற துளையில் குடல் ஒரு மடிப்பாக வெளியே வந்து, திரும்பப் போக முடியாமல் சிக்கிக்கொள்ளலாம். அதனால் விரல் நுழைகிறது என்றால், குட்டி எவ்வளவு துள்ளிக் குதித்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கைக்குழந்தைக்குச் செய்கிற மாதிரி தொப்புள் மேல் நாணயம் வைத்துத் துணியால் கட்டுவது இங்கே வேண்டாம். துளை அதனால் மூடாது. தோல் புண்ணாகும், உள்ளே என்ன நடக்கிறது என்பதும் தெரியாமல் போய்விடும்.

எது அவசரம்?

புடைப்பு திடீரென்று கெட்டியாகிவிட்டது, தொட்டால் சூடாக இருக்கிறது, குட்டி வலியில் கத்துகிறது, தள்ளினால் உள்ளே போகவில்லை, தோல் சிவந்தோ கறுத்தோ போகிறது, வாந்தி எடுக்கிறது, சாப்பிடாமல் சுருண்டு படுக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. சிக்கிய குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனால் மணிக்கணக்கில் அது அழுக ஆரம்பிக்கும். அந்த நிலையில் புடைப்பை அழுத்தி உள்ளே தள்ளவும் முயற்சி செய்யாதீர்கள்.

தொப்புளில் இல்லாமல் தொடை இடுக்கில் புடைப்பு இருந்தால் அது வேறு வகை ஹெர்னியா. அது தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

ஹேவ்லாக்கில் இருந்தால் கணக்கு ஏன் மாறுகிறது?

சென்னையில் இருப்பவர் ஆட்டோ பிடித்து, 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடலாம். 2018-லிருந்து ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறியிருக்கும் ஹேவ்லாக்கில் அப்படி இல்லை. போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வேகக் கப்பலில் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரம் வரை ஆகும். கடைசிக் கப்பலை விட்டால் மறுநாள்தான். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை.

ஆக, நகரத்தில் "பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடக்கூடிய ஹெர்னியாவைத் தீவில் அப்படி விட முடியாது. முதலில் தீவிலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். துளை பெரிது என்று அவர் சொன்னால், அவசரம் வரும்வரை காத்திருக்காமல், கடல் அமைதியாக இருக்கும் மாதத்தில் ஆபரேஷனை முடித்துவிடுவது நல்லது. போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. அங்கே என்றைக்கு ஆபரேஷன், கப்பலில் குட்டியை ஏற்ற என்ன விதி என்று முன்னாடியே கேட்டு வைங்க.

ஆபரேஷனில் என்ன நடக்கும்?

துளை சிறிதாக இருந்து, அவசரமும் இல்லையென்றால், கருத்தடை ஆபரேஷனோடு சேர்த்தே ஹெர்னியாவையும் சரிசெய்துவிடுவது வழக்கம். ஒரே மயக்க மருந்தில் இரண்டு வேலை முடியும். முன்னதாக ரத்தப் பரிசோதனை செய்வார்கள். உண்ணிக் காய்ச்சல் உள்ள குட்டிக்கு ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம், அதனால் இது முக்கியம்.

குட்டியைப் பெரிய நாய் மாதிரி ராத்திரி முழுக்கப் பட்டினி போடாதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை வேகமாகக் குறைந்துவிடும். எத்தனை மணி நேரம் என்று டாக்டரிடமே கேளுங்கள்.

முழு மயக்கத்தில் தோலைக் கீறி, வெளியே வந்ததை உள்ளே வைத்து, தசையைத் தைத்து மூடுவார்கள். சிக்கலில்லாத ஹெர்னியா என்றால் இது சிறிய ஆபரேஷன்தான். குடல் அழுகியிருந்தால் அந்தப் பகுதியையே வெட்டி எடுக்க வேண்டிவரும். செலவும் ஆபத்தும் பல மடங்கு.

தீவுக்காரர்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: "தோலுக்கு அடியில் தானாகக் கரையும் தையல் போட முடியுமா?" முடிந்தால், தையல் பிரிக்க இன்னொரு தடவை கப்பல் ஏற வேண்டியதில்லை.

வீட்டில் 14 நாள்

முடிந்தால் முதல் இரவு போர்ட் பிளேரிலேயே தங்குங்கள். குட்டி தள்ளாடும், தூங்கி வழியும். கதகதப்பான இடத்தில் படுக்க வைத்து, கொஞ்சமாகச் சாப்பாடு கொடுங்கள்.

மூன்றாம் நாளிலேயே எதுவுமே நடக்காத மாதிரி ஓட ஆரம்பிக்கும். ஏமாந்துவிடாதீர்கள். உள்ளே தசை இன்னும் கூடவில்லை. 10 முதல் 14 நாள் வரை குதிப்பது, படியேறுவது, மற்ற நாய்களோடு கட்டிப் புரள்வது கூடாது. வெளியே போவதெல்லாம் கயிறோடுதான். குளியல் இல்லை, கடலும் மணலும் இல்லை. தையலை நக்காமல் இருக்கக் கழுத்துக் கூம்பை ராத்திரியும் கழற்றாதீர்கள்.

நாள்தோறும் ஒரே வெளிச்சத்தில் தையலை ஒரு போட்டோ எடுங்கள். லேசான வீக்கம் சகஜம். சீழ், நாற்றம், தையல் விடுவது, வாந்தி, நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது ஆகியவை சகஜமில்லை. அந்தப் போட்டோக்களை டாக்டருக்கு அனுப்பினால் கப்பல் ஏறணுமா வேண்டாமா என்று முடிவு செய்வது அவருக்கும் எளிது. இந்த ஈரக்காற்றில் திறந்த புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும் என்பதால் குட்டி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

வலிக்கு நம் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமாலும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

தெருக்குட்டி என்றால்?

ஆபரேஷன் ஒரு மணி நேர வேலைதான். அதற்குப் பிறகு வரும் இரண்டு வாரம் குட்டியை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்பதில்தான் பல தெருக்குட்டிகளின் நிலைமை தீர்மானமாகிறது. சீசன் முடிந்து நீங்கள் ஊருக்குக் கிளம்பும் நாள் நெருங்கிவிட்டால், ஆபரேஷன் தேதிக்கு முன்பே அந்த 14 நாளுக்கு ஒருவரைப் பேசி வைத்துவிடுங்கள்.