வலியின்றி வரும் கேடு

நீரிழிவு நோயுள்ளோர் இரத்தத்திலுள்ள சர்க்கரையை அளந்து பார்க்கின்றனர். அளவு குறைந்தால் மகிழ்கின்றனர், கூடினால் கவலையுறுகின்றனர். நன்று. ஆயினும் இந்நோய் ஓசையின்றித் தாக்கும் இடங்கள் வேறு இரண்டு உள்ளன. ஒன்று சிறுநீரகம்; மற்றொன்று இரத்தக் குழாய். இவை பழுதுபடத் தொடங்கும்பொழுது வலி தோன்றுவதில்லை. ஆகவே, நாமே தேடிச் சென்று கண்டறிந்தாலன்றி இக்கேடு தன்னை வெளிக்காட்டாது.

வடிகட்டிகள் பழுதாவது எப்படி?

நம் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மம் இவற்றின் வழியே வடிகின்றது. அதில் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்தில் சேர்ந்துவிட, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகின்றது. பல்லாண்டுகள் மிகுந்திருக்கும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இவ்வடிகட்டிகளைச் சிதைக்கின்றன. அப்பொழுது, உடலில் தங்க வேண்டிய ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசிகின்றது. சிறுநீர்ப் பரிசோதனையில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஆல்புமின் இருப்பின் அது எச்சரிக்கை. 300ஐக் கடந்தால் கேடு வளர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். கால் வீக்கமும் சோர்வும் பெரும்பாலும் பிந்தியே வருகின்றன.

கொழுப்புக்கு இதில் என்ன பங்கு?

நீரிழிவு நோயில் டிரைகிளிசரைடு உயர்வதும், நல்ல கொழுப்பாகிய எச்.டி.எல். குறைவதும் வழக்கம். சிறுநீரகம் தளரும்பொழுது இச்சீர்கேடு மிகுகின்றது. எல்.டி.எல். என்னும் தீய கொழுப்போ இரத்தக் குழாய்ச் சுவர்களில் படிகின்றது. இதனால், சிறுநீரகம் தளர்ந்த நீரிழிவு நோயாளருள் பலர் டயாலிசிஸ் நிலையை அடையுமுன்னரே இதய நோயால் மாள்கின்றனர்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தை எப்பொழுது தொடங்க வேண்டும்? இரண்டு ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன. ஜெர்மனியில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த நீரிழிவு நோயாளர் 1,255 பேரிடம் நடந்த ஆய்வு 2005ஆம் ஆண்டு வெளிவந்தது. மருந்து தீய கொழுப்பை வெகுவாகக் குறைத்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. 2011இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் சிறுநீரக நோயாளர் 9,270 பேர் பங்கேற்றனர். அவருள் பெரும்பாலோர் டயாலிசிஸ் நிலையை எட்டாதவர். சிம்வாஸ்டாட்டினும் எசிடிமைபும் சேர்த்து உட்கொண்டோருக்குக் குழாய் அடைப்பால் வரும் பெருந்தீங்குகள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தன. காலத்தே தொடங்கும் மருத்துவமே பலன் தரும் என்பது இவற்றால் பெறப்படும் பாடம். முன்னரே மருந்து உட்கொள்வோர், அளவு சரியாகிவிட்டது என எண்ணித் தாமாக நிறுத்தலாகாது.

ஸ்டாட்டின் காப்பது இதயத்தையே. சிறுநீரகத்தைக் காக்கச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருத்தல் வேண்டும். கனாகிளிஃப்ளோசின் போன்ற புதிய மருந்துகள் சிறுநீரகத் தளர்ச்சியைத் தாமதப்படுத்துவதை 2019இல் வெளிவந்த ஆய்வு உறுதிப்படுத்தியது. இவை தமக்கு ஏற்றவையா என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

இல்லத்தில் செய்ய வேண்டியவை

ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீர் ஆல்புமின், இரத்தக் கிரியேட்டினின், இரத்தக் கொழுப்பு ஆகிய மூன்றையும் பரிசோதித்தல் வேண்டும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அமைதல் நன்று. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். வனஸ்பதியையும், மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயையும் விலக்குவோம். புகையிலை அறவே கூடாது. மூட்டுவலிக்கென மருந்துக் கடையில் தாமே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் பல, தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். கருவுற்ற தாய்மார், கருவுற விரும்புவோர் தாம் உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவரிடம் முன்கூட்டியே கூறுதல் கட்டாயம்.

கணவருக்கும் மக்களுக்கும் மருந்தை நினைவூட்டும் இல்லத்தலைவியர் தம் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடுவதை நாம் காண்கின்றோம். வலி இல்லையே என்பது அவர்தம் விடை. வலி வரும்வரை காத்திருப்போருக்கு இந்நோய் காலம் தருவதில்லை. இவ்வாண்டுப் பரிசோதனை முடிந்ததா என வீட்டிலுள்ளோர் அவரிடம் இன்றே கேட்பாராக.