விசிட்டர் விசாவில் கனடா வந்த மனைவி அல்லது கணவருக்கு அங்கிருந்தே பி.ஆர் விண்ணப்பிக்கலாமா? முழு விளக்கம்

திருமணம் ஊரில் நடந்திருக்கும். ஒருவர் டொரோண்டோவில் வேலை பார்ப்பார். இன்னொருவர் கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பார். விசிட்டர் விசா கிடைத்து கனடா வந்து இறங்கியதும் பல வீடுகளில் எழும் கேள்வி இதுதான்: "மறுபடி ஊருக்குப் போய்தான் நிரந்தரக் குடியுரிமைக்கு அப்ளை பண்ணணுமா? இங்கே இருந்தே பண்ணக் கூடாதா?"

பண்ணலாம். கனடா சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் எந்த வழியில் விண்ணப்பிக்கிறீர்கள், விசிட்டராக இருக்கும் தேதி எப்போது முடிகிறது என்ற இரண்டையும் கவனிக்காமல் விட்டால், சிக்கல் பெரிதாகும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விசிட்டராக வந்து பி.ஆர் கேட்பது தவறா?

தவறில்லை. தற்காலிகமாக வருபவருக்கு நிரந்தரமாகக் குடியேறும் எண்ணமும் இருக்கலாம் என்பதை கனடா குடிவரவுச் சட்டத்தின் 22(2) பிரிவு ஏற்கிறது. இதை 'இரட்டை நோக்கம்' என்பார்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அனுமதித்த காலம் முடிந்ததும் நாட்டை விட்டுக் கிளம்பிவிடுவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வர வேண்டும்.

அதனால் விசா படிவத்திலும் சரி, விமான நிலையத்திலும் சரி, உண்மையைச் சொல்வதே பாதுகாப்பு. "கனடாவில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டால், கணவர் இருப்பதை மறைத்து "சித்தி வீட்டுக்கு வந்தேன்" என்று சொல்லக் கூடாது. தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால், 5 ஆண்டுகளுக்கு கனடாவுக்குள் வரத் தடை விதிக்கப்படலாம். அந்தக் காலத்தில் பி.ஆருக்கும் விண்ணப்பிக்க முடியாது.

இரண்டு வழிகள். எது உங்களுக்கு?

துணைக்கான ஸ்பான்சர்ஷிப்பில் இரண்டு வகை உண்டு. பேச்சு வழக்கில் ஒன்றை 'இன்லேண்ட்' என்றும், மற்றதை 'அவுட்லேண்ட்' என்றும் சொல்கிறார்கள்.

இன்லேண்ட்: கணவனும் மனைவியும் கனடாவில் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ வேண்டும். விண்ணப்பம் முடியும் வரை இங்கேயே இருக்கும் திட்டம் உள்ளவர்களுக்கானது இது.

அவுட்லேண்ட்: வெளிநாட்டில் இருக்கும் துணைக்கான வழி. ஆனால் பலருக்குத் தெரியாத விஷயம், விசிட்டராக கனடாவில் இருக்கும்போதும் இந்த வழியில் விண்ணப்பிக்கலாம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். தேவைப்பட்டால் நேர்காணலுக்காக வெளிநாட்டில் உள்ள விசா அலுவலகத்துக்குப் போக வேண்டி வரலாம், அவ்வளவுதான்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம், விண்ணப்பம் நிராகரிக்கப்படும்போதுதான் தெரியும். அவுட்லேண்ட் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், ஸ்பான்சர் 30 நாட்களுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். இன்லேண்ட் விண்ணப்பத்துக்கு அந்த உரிமை கிடையாது. ஃபெடரல் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று மறுஆய்வு கேட்பதுதான் சட்ட வழி. அதற்கான அவகாசம் வெறும் 15 நாட்கள்.

நடுவில் ஊருக்குப் போய் வரலாமா?

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கைக்குக் கல்யாணம் என்று போன் வந்தால் என்ன செய்வது? முடிவெடுப்பதற்கு முன்பே யோசிக்க வேண்டிய கேள்வி இது.

அவுட்லேண்டில் பயணம் செய்தால் விண்ணப்பத்துக்கு ஆபத்தில்லை. இன்லேண்டில் கனடாவில் சேர்ந்து வாழ்வதே அடிப்படை நிபந்தனை. ஊருக்குப் போய்விட்டு, திரும்பி வர அனுமதி கிடைக்காமல் போனால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் திரும்பி வர செல்லுபடியாகும் விசா வேண்டும். அந்த விசா இருந்தாலும், உள்ளே விடுவதா இல்லையா என்பது எல்லை அதிகாரியின் முடிவு.

ஒரு வகையில் போட்டுவிட்டு, பாதியில் அடுத்த வகைக்கு மாற்றச் சொல்லவும் முடியாது. திரும்பப் பெற்றுக்கொண்டு புதிதாகத்தான் தொடங்க வேண்டும். எனவே ஊரில் வயதான பெற்றோர் இருந்து, எப்போது வேண்டுமானாலும் கிளம்ப வேண்டி வரலாம் என்றால், அவுட்லேண்ட் பக்கம் யோசிப்பது நல்லது.

பலர் தடுக்கி விழும் இடம்: விசா தேதியும் தங்கும் தேதியும்

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா 10 ஆண்டுக்கு இருக்கலாம். அதற்காக 10 ஆண்டு தங்கலாம் என்று அர்த்தமில்லை. அந்தத் தேதி, கனடாவுக்குள் வர எதுவரை அந்த விசாவைப் பயன்படுத்தலாம் என்பதைத்தான் காட்டுகிறது. தங்கும் காலம் வேறு. அதிகாரி தனியாகத் தேதி எழுதித் தரவில்லை என்றால், உள்ளே வந்த நாளிலிருந்து பொதுவாக 6 மாதம்.

இதைவிட முக்கியமானது, பி.ஆர் விண்ணப்பம் போட்டதால் மட்டும் கனடாவில் தங்கும் உரிமை வந்துவிடாது. 6 மாதம் முடியும் முன், விசிட்டர் காலத்தை நீட்டிக்கத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30 நாள் முன்பே போடச் சொல்கிறது குடிவரவுத் துறை. காலம் முடியும் முன் போட்டுவிட்டால், முடிவு வரும் வரை சட்டப்படி கனடாவிலேயே இருக்கலாம்.

தேதியை மறந்துவிட்டால்? 90 நாட்களுக்குள் அந்தஸ்தை மீட்டுத் தரும்படி கேட்கலாம். காலம் கடந்த துணைகளும் இன்லேண்டில் விண்ணப்பிக்க 2005 முதல் ஒரு சிறப்புக் கொள்கை இடம் தருகிறது. ஆனால் அதை நம்பி அலட்சியமாக இருக்கக் கூடாது. அந்தஸ்து இல்லாதவருக்கு வேலை அனுமதி கிடைப்பது சிக்கல். வெளியேற்றும் உத்தரவு வரும் அபாயமும் உண்டு.

காத்திருக்கும்போது வேலைக்குப் போகலாமா?

விசிட்டர் வேலை செய்யக் கூடாது. தெரிந்தவர் கடையில் கையில் காசு வாங்கிக்கொண்டு நிற்பதும் விதிமீறல்தான்.

ஆனால் பி.ஆர் விண்ணப்பம் ஏற்கப்பட்டதற்கான ஒப்புகைக் கடிதம் வந்த பிறகு, எந்த நிறுவனத்திலும் வேலை செய்ய வழிவிடும் திறந்த வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கனடாவில் செல்லுபடியாகும் அந்தஸ்தோடு, ஸ்பான்சரின் அதே முகவரியில் வசிக்க வேண்டும். முன்பு இன்லேண்ட் விண்ணப்பதாரர்களுக்கே இருந்த இந்த வசதி, 2023 முதல் கனடாவில் இருக்கும் அவுட்லேண்ட் விண்ணப்பதாரர்களுக்கும் கிடைக்கிறது. வேலைக்காகவே இன்லேண்டைத் தேர்ந்தெடுத்த காலம் போய்விட்டது.

இன்னொன்று, விசிட்டர்களுக்குப் பொதுவாக மாகாண மருத்துவக் காப்பீடு கிடைக்காது. தனியார் காப்பீடு எடுத்துக்கொள்வது அவசியம்.

யார் ஸ்பான்சர் செய்யலாம்?

18 வயது நிரம்பிய கனடா குடிமக்களும், பி.ஆர் வைத்திருப்பவர்களும் செய்யலாம். பி.ஆர் வைத்திருப்பவர் கனடாவில் வசிக்க வேண்டும். துணைக்கு ஸ்பான்சர் செய்ய, பொதுவாகக் குறைந்தபட்ச வருமான வரம்பு இல்லை. ஆனால் உடல் குறைபாடு தவிர்ந்த வேறு காரணத்துக்காக அரசு நலநிதி பெறுபவர் செய்ய முடியாது. தானே துணைக்கான ஸ்பான்சர்ஷிப்பில் வந்தவர் என்றால், பி.ஆர் ஆகி 5 ஆண்டு முடியும் வரை புதிய துணையை அழைக்க முடியாது.

கையெழுத்துப் போடும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். துணை பி.ஆர் ஆன நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு அவருடைய அடிப்படைத் தேவைகளுக்கு ஸ்பான்சரே பொறுப்பு. இடையில் விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு போகாது. அவர் நலநிதி வாங்கினால், அந்தப் பணத்தை ஸ்பான்சர் திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

அதே நேரம், சேர்ந்து வாழ்ந்தால்தான் பி.ஆர் நிலைக்கும் என்ற பழைய 2 ஆண்டு நிபந்தனை 2017-ல் நீக்கப்பட்டுவிட்டது. கணவரோ மனைவியோ "பி.ஆரை கேன்சல் பண்ணிடுவேன்" என்று மிரட்டினால், அந்த அதிகாரம் அவரிடம் இல்லை.

என்னென்ன ஆவணங்கள்?

* பதிவுத் திருமணச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டு சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் துணை ஆதாரம் மட்டுமே.

* காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, கைரேகைப் பதிவு. செலவு பிடிக்கும் நோய் இருக்கிறது என்ற காரணத்துக்காகத் துணையின் விண்ணப்பத்தை நிராகரிக்க முடியாது.

* உறவு உண்மையானது என்பதற்கான ஆதாரம். இரு வீட்டாரும் இருக்கும் படங்கள், போன் அழைப்புப் பதிவுகள், பணம் அனுப்பிய ரசீது, சேர்ந்து பயணித்த டிக்கெட் போன்றவை. பெற்றோர் பார்த்து வைத்த திருமணம் என்றால், பெண் பார்த்தது முதல் நடந்ததைத் தேதிவாரியாக எழுதுங்கள். சீக்கிரம் முடிவான திருமணத்தை அதிகாரி சந்தேகத்தோடு பார்க்க வாய்ப்புண்டு.

* தமிழில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. குடும்பத்தினர் மொழிபெயர்க்கக் கூடாது.

* முந்தைய உறவில் குழந்தை இருந்தால் கட்டாயம் குறிப்பிட வேண்டும். இப்போது மறைத்தால், பிறகு அந்தக் குழந்தையை ஸ்பான்சர் செய்யும் வழி அடைபடக்கூடும்.

எவ்வளவு செலவு, எவ்வளவு நாள்?

2024 ஏப்ரல் 30-ல் அமலுக்கு வந்த கட்டணப்படி துணைக்கு மொத்தம் 1,205 கனடா டாலராக இருந்தது. கைரேகைப் பதிவுக்கு 85 டாலர் தனி. கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால், கட்டும் நாளில் துறையின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். காத்திருக்கும் காலமும் இரு வகைக்கும் தனித்தனியாக அங்கே வெளியாகிறது. கியூபெக் மாகாணத்தில் வசிப்பவர்களுக்கு மாகாண அரசின் நடைமுறையும் தனியாக உண்டு.

ஏஜென்டிடம் போகும் முன்...

விண்ணப்பத்தை நீங்களே ஆன்லைனில் போடலாம், ஏஜென்ட் கட்டாயமில்லை. உதவி வேண்டும் என்றால், அவர் உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகரா, வழக்கறிஞரா என்று பாருங்கள். ஆலோசகர்களின் பெயர்களை அவர்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். யார் நிரப்பினாலும், படிவத்தில் உள்ள தகவலுக்கு விண்ணப்பதாரரே பொறுப்பு. "ஏஜென்ட் எழுதினார், எனக்குத் தெரியாது" என்ற பதில் பெரும்பாலும் எடுபடாது.

இன்றே செய்ய வேண்டியது ஒன்றுதான். கனடாவுக்குள் வந்த தேதியைப் பாருங்கள், 6 மாதத்தைக் கணக்கிடுங்கள், முடிவதற்கு 30 நாள் முன்பான தேதிக்கு போனில் அலாரம் வையுங்கள்.