"உன் நல்லதுக்குத்தான் சொல்லலை!"

துப்பறியும் டி.வி. தொடர் எதுவானாலும், "கொலைகாரன் யார்?" என்ற கேள்வியைவிட, "இவங்க ரெண்டு பேரும் எப்பத்தான் சேருவாங்க?" என்ற கேள்விதான் நம்மை நாற்காலியோடு கட்டிப் போடுகிறது. கொலைகாரன் முக்கால் மணி நேரத்தில் அகப்பட்டுவிடுவான். துப்பறிகிற கதாநாயகனும் கதாநாயகியும் மனசைத் திறந்து பேசுவதற்கோ வருஷக் கணக்கு ஆகும்!

அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 2009 மார்ச் முதல் 2016 மே வரை ஓடிய 'காஸில்' என்ற தொடரை முதல் பகுதியிலிருந்து கடைசிப் பகுதி வரை பார்த்தவள் நான். எட்டு சீஸன்கள், மொத்தம் 173 பகுதிகள். அதில் வருகிற ரிச்சர்ட் காஸிலும் கேட் பெக்கெட்டும் ஒன்று சேர்ந்தது நாலாவது சீஸனின் கடைசிப் பகுதியில், 2012 மே 7-ஆம் தேதி. மூன்று வருஷத்துக்கு மேல் ஏன் தாமதம் என்று யோசித்துப் பார்த்தேன். வில்லன் குறுக்கே நின்றதாலா? அந்தஸ்து வித்தியாசமா? அதெல்லாம் இல்லை. நம் வீடுகளில் தினமும் காதில் விழுகிற ஒரு வாக்கியம்தான் காரணம். "உன் நல்லதுக்குத்தான் சொல்லலை."

யார் இவர்கள்?

கதை நடப்பது நியூயார்க்கில். காஸில், கொலைக் கதைகள் எழுதிப் பணமும் புகழும் சேர்த்த எழுத்தாளர். விளையாட்டுப் பிள்ளை மாதிரி சுபாவம். இரண்டு கல்யாணம் செய்து இரண்டும் விவாகரத்தில் முடிந்தவை. ஆனால் வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் ஆளே வேறு. வயசுக்கு வந்த மகள் அலெக்ஸிஸ், நாடக நடிகையான தாய் மார்த்தா, இவர் என்று மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ். மகளுக்கு அப்பாவும் அவர்தான், அம்மாவும் அவர்தான்.

கேட் பெக்கெட் கொலை வழக்குகளை விசாரிக்கும் போலீஸ் அதிகாரி. 1999 ஜனவரியில், அவளுக்குப் பத்தொன்பது வயசாக இருந்தபோது, வக்கீலான அவள் அம்மாவை யாரோ ஒரு சந்தில் குத்திக் கொன்றுவிட்டார்கள். போலீஸ் அக்கறையில்லாமல் வழக்கை மூடியது. அப்பா குடியில் மூழ்கினார், பிறகு மீண்டு வந்தார். அம்மாவின் மோதிரத்தைச் சங்கிலியில் கோத்துக் கழுத்திலும், அப்பாவின் கடிகாரத்தைக் கையிலும் போட்டுக்கொண்டுதான் பெக்கெட் வேலைக்குப் போவாள்.

காஸிலின் நாவல்களில் வருகிற மாதிரியே ஒருவன் கொலை செய்கிறான். விசாரிக்க வருகிறாள் பெக்கெட். காஸிலுக்கோ அது புதுக் கதைக்கு விஷயமாகப் படுகிறது. மேயர் நண்பர் என்பதால் சிபாரிசு பிடித்து அவளுடனேயே சுற்ற ஆரம்பிக்கிறார். அவளை வைத்து 'நிக்கி ஹீட்' என்று ஒரு கதாநாயகியைப் படைக்கிறார். (வேடிக்கை என்னவென்றால், 'ஹீட் வேவ்' என்ற அந்த நாவலை, ரிச்சர்ட் காஸில் என்ற பெயரைப் போட்டே 2009-இல் நிஜமாகவே அச்சடித்து விற்றார்கள்!) காலையில் வரும்போது அவளுக்கும் சேர்த்து ஒரு காபி வாங்கி வருவது அவர் வழக்கமாயிற்று. நாதன் ஃபிலியனும் ஸ்டானா கேடிக்கும் அந்தக் காபிக் கோப்பை கை மாறுகிற விதத்திலேயே பாதிக் கதையைச் சொல்லிவிடுவார்கள்.

ஒளித்து வைத்த இரண்டு ரகசியங்கள்

"என் அம்மா வழக்கைத் தொடாதீர்கள்" என்று பெக்கெட் முதலிலேயே சொல்லியிருந்தாள். காஸில் கேட்கவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் அவளுக்குத் தெரியாமல் துருவினார். முதல் சீஸன் முடிவில் உண்மையைச் சொன்னபோது அவள் முகம் இறுகிப் போயிற்று. அடுத்த சீஸன் துவக்கத்தில் நேராக வந்து மன்னிப்புக் கேட்டார். சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. ஒட்டுதல் உண்டானது அங்கேதான்.

மூன்றாவது சீஸன் முடிவில், 2011 மே மாதம், ஒரு இறுதிச் சடங்கில் பெக்கெட்டை யாரோ சுட்டுவிடுகிறார்கள். தரையில் கிடக்கிறவளிடம், "உன்னைக் காதலிக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறார் காஸில். பிழைத்து வந்தவள், "எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை" என்கிறாள். ஞாபகம் இருக்கிறது! அம்மா போனதிலிருந்து தனக்குள் ஒரு சுவர் எழும்பிவிட்டது, அது இடியாமல் தன்னால் யாருடனும் முழுசாக வாழ முடியாது என்று ஊஞ்சலில் உட்கார்ந்து சொல்கிறவள், இந்த ஒன்றை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

காஸிலும் சும்மா இல்லை. முகம் தெரியாத ஒருவர் அவருக்கு டெலிபோன் செய்கிறார். அம்மா வழக்கை விட்டு விலகியிருக்கும் வரைதான் பெக்கெட் உயிருக்குப் பாதுகாப்பு; அவளை அதன் பக்கம் போகவிடாதே என்கிறார். ஒரு வருஷம் முழுக்க அவளிடம் மூச்சுவிடாமல் இதை மனசில் வைத்துக்கொண்டு, வேறு வேறு சாக்குச் சொல்லி அவளைத் திசை திருப்புகிறார்.

இரண்டு பேருக்கும் அன்பு இருக்கிறது. இரண்டு பேரும் மறைக்கிறார்கள். அவள் சொன்ன சுவரில் இரண்டு பேருமே ஆளுக்கொரு செங்கல் வைக்கிறார்கள்!

அந்த மழை ராத்திரி

2012 மே 7-ஆம் தேதி வந்த பகுதியில் எல்லாம் உடைகிறது. "உன்னைக் காப்பாற்றத்தான் மறைத்தேன்" என்று காஸில் சொல்கிறார். அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆகவே, 'அடடா, எவ்வளவு அன்பு!' என்று அவள் உருகிவிடுவாள் என்று எதிர்பார்க்கிறோம். அவளோ பொங்கி எழுகிறாள். என் உயிர், என் அம்மா. இதில் எனக்குத் தெரியாமல் நீங்கள் எப்படி முடிவெடுக்கலாம் என்பதுதான் அவள் கேள்வி. காஸில் மனம் நொந்து வெளியேறுகிறார்.

அவள் கொலைகாரனைத் துரத்திப் போய், உயரமான கட்டடத்தின் விளிம்பில் ஒரு கையைப் பிடித்துத் தொங்குகிறாள். தன்னைக் கூப்பிடுவது காஸிலின் குரல் என்று நினைக்கிறாள். வந்து தூக்கியது சக அதிகாரி ரையன். அவன் மேலதிகாரியிடம் உண்மையைச் சொன்னதால்தான் உதவி வந்து சேர்ந்தது! அன்றே அவள் வேலையை ராஜினாமா செய்கிறாள். கொட்டுகிற மழையில் அந்தப் பழைய ஊஞ்சலில் உட்கார்ந்திருந்துவிட்டு, நனைந்தபடி அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். கொலைகாரன் தப்பிவிட்டான், அது தனக்குப் பெரிதாகப் படவில்லை, சாவின் விளிம்பில் உங்கள் ஞாபகம்தான் வந்தது என்கிறாள்.

அந்தக் காட்சியைக் காதல் காட்சி என்று ரசித்தவர்கள் அநேகம். எனக்குப் பட்டது வேறு. அவள் அந்த வாசலில் நிற்கும்போது இரண்டு பேரிடமும் ஒளித்து வைக்க ஒன்றுமே பாக்கியில்லை. அதனால்தான் கதவு திறந்தது.

சேர்ந்தால் சுவை போய்விடுமா?

டி.வி. உலகில் ஒரு பயம் உண்டு. ஜோடி சேர்ந்துவிட்டால் தொடர் படுத்துவிடும் என்று. அதற்கு 'மூன்லைட்டிங் சாபம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சிபில் ஷெப்பர்டும் புரூஸ் வில்லிஸும் நடித்து, 1985 முதல் 1989 வரை ஓடிய துப்பறியும் தொடர் 'மூன்லைட்டிங்'. 1987 மார்ச் 31-ஆம் தேதி அந்த ஜோடி சேர்ந்தது. அதன் பிறகு தொடர் சரிந்தது. போச்சு, சேர்த்து வைத்ததுதான் தப்பு என்று முடிவு கட்டினார்கள்.

நடந்தது என்ன? ஷெப்பர்ட் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்தார். வில்லிஸ் 'டை ஹார்ட்' சினிமாவில் நடிக்கப் போனார். கதையிலும் அவளைச் சிகாகோவுக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவனை லாஸ் ஏஞ்சல்ஸில் விட்டுவிட்டார்கள். போதாததற்கு, ரயிலில் சந்தித்த யாரோ ஒருவனுக்கு அவளைக் கல்யாணமும் செய்து வைத்தார்கள்! தொடரை உருவாக்கியவரே நடுவில் விலகினார். 1988-இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வேறு. இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசவே வழியில்லை. பழி மட்டும் காதல்மேல்!

இதற்கு நேர்மாறு, 2005 முதல் 2017 வரை ஓடிய 'போன்ஸ்'. கதாநாயகியாக நடித்த எமிலி டெஷனல் 2011-இல் கர்ப்பமானபோது அதை மூடி மறைக்காமல் கதாநாயகியையும் கர்ப்பவதியாக்கினார்கள். கதையில் 2013-இல் கல்யாணம். குழந்தையைப் பார்த்துக்கொண்டே எலும்புகளை ஆராய்கிற அம்மாவைப் பார்க்க ஜனங்கள் மேலும் ஆறு சீஸன்கள் காத்திருந்தார்கள்.

'காஸிலும்' சேர்ந்த பிறகு நாலு சீஸன்கள் ஓடியது. அதில் வந்த விரிசல்களைக் கவனியுங்கள். 2013-இல், வாஷிங்டனில் ஒரு பெரிய வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனதை பெக்கெட் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததும் பெரிய சண்டை. பேசித் தீர்த்த பிறகு, வேலையை ஏற்றாள், அவரையும் ஏற்றாள். 2014 நவம்பரில் கல்யாணம். 2015-இல் எட்டாவது சீஸன் தொடங்கியபோது, பெரிய எதிரி ஒருவனிடமிருந்து கணவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, காரணம் சொல்லாமல் வீட்டை விட்டே போய்விட்டாள். முன்பு அவர் செய்ததையே இப்போது இவள் செய்தாள்! பார்க்கிற நமக்கே ஆறவில்லை. கல்யாணத்தால் கசக்காத கதை, இந்த மறைப்பினால் கசந்துபோயிற்று.

நம் வீட்டு ஊஞ்சல்

கொலையும் துப்பாக்கியும் நமக்கெதற்கு என்கிறீர்களா? ஆபீஸில் வேலைக்கு ஆபத்து; "அவ பயந்துடுவா" என்று வாய் திறக்காத கணவர் இருக்கிறார். மார்பில் கட்டி மாதிரி ஏதோ நெருடுகிறது. "பரீட்சை சமயம், எதுக்கு எல்லாரையும் கலவரப்படுத்தணும்" என்று மாதக் கணக்கில் தள்ளிப்போடுகிற மனைவி இருக்கிறாள். மாமியாரின் டாக்டர் ரிப்போர்ட்டை அந்த மாமியாரிடமே காட்டாத மகன் இருக்கிறான். எல்லாமே அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் நாள்பட நாள்பட, மறைத்த விஷயத்தைவிட மறைத்தது பெரிசாகிவிடுகிறது. "என்னை நம்பலையா?" என்ற கேள்விக்குச் சமாதானமே கிடையாது.

எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. தோழி நம்பிச் சொன்னது அவளுடைய சொத்து. பிறந்த நாள் புடைவை ரகசியமாகவே இருக்கட்டும்! சொன்னால் கை ஓங்குகிற மனிதரிடம் தனியாகப் பேசப் போக வேண்டாம். அக்காவிடமோ டாக்டரிடமோ முதலில் சொல்லுங்கள். மற்ற இடங்களில், பெக்கெட் கேட்ட கேள்வியை நாமே கேட்டுக்கொள்ளலாம். 'இது யாருடைய உயிர், யாருடைய உடம்பு, யாருடைய வாழ்க்கை?' பதில் 'அவருடையது' என்றால் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். 'என்னுடையது' என்றால், என்னோடு வாழ்கிறவருக்கும் அதில் பங்கு உண்டு.

எப்படி ஆரம்பிப்பது? சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், குழந்தைகள் எதிரிலும் வேண்டாம். அவர்கள் தூங்கிய பிறகு பத்து நிமிஷம் போதும். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். முடிவு ரெண்டு பேருமா சேர்ந்து எடுக்கலாம்" என்று தொடங்குங்கள். அந்தக் கட்டி விஷயம் உங்களுடையதாக இருந்தால், இன்று ராத்திரியே சொல்லிவிட்டு, நாளைக்கே அவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய்வாருங்கள்.