நிலக்கரிக்கும் சுண்ணாம்புக்கும் நடுவே ஒரு பழைய இதழ்

அறுபது வருடத்துக்கு முந்தைய இதழ் ஒன்று கைக்குக் கிடைத்தால் முதலில் அதன் ஓரத்தைப் பாருங்கள். பக்கத்தின் நடுவில் தாள் ஓரளவு வெளுப்பாகவே இருக்கும். வெளி ஓரத்தில் மட்டும் ஒரு விரற்கடை அகலத்துக்குக் கரும்பழுப்பு படர்ந்திருக்கும். மூடியே கிடந்த இதழுக்குள் காற்றும் வெளிச்சமும் ஓரம் வழியாகத்தான் நுழைய முடியும். அவை எவ்வளவு தூரம் உள்ளே போயின என்பதை அந்தப் பழுப்பே காட்டிவிடுகிறது. புரட்டும்போது மூலை ஒடிந்து கையோடு வந்தால், அங்கே வேறொரு வேலையும் நடந்திருக்கிறது என்று பொருள். நிறம் மாறுவதையும் தாள் நொறுங்குவதையும் ஒரே நோயாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. இரண்டுக்கும் மருந்தும் வேறு.

மாதிரிக் கார் கட்டுவதற்கென்றே வந்த அமெரிக்க இதழ்களைச் சேகரிப்பவர்களுக்கு இந்த இரண்டு நோயும் நன்றாகத் தெரியும். 1958-ல் ஏஎம்டி நிறுவனம், ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டிக்கொள்ளக்கூடிய பிளாஸ்டிக் கார் பாகங்களை விற்கத் தொடங்கியது. நிஜக் காரின் 25-ல் ஒரு பங்கு அளவு. சிறுவர்கள் அதில் விழுந்தார்கள். எந்தப் பசை எந்தப் பாகத்தைக் கரைக்கும், கூரையை எப்படி வெட்டித் தாழ்த்துவது, வண்ணம் வழியாமல் எப்படிப் பூசுவது என்று சொல்லித்தர இதழ்கள் வந்தன. 1953-லேயே தொடங்கியிருந்த 'ராட் அண்ட் கஸ்டம்' நிஜக் கார்களோடு மாதிரிகளுக்கும் இடம் கொடுத்தது. 1962-ல் 'கார் மாடல்' வந்தது, 1979-ல் 'ஸ்கேல் ஆட்டோ என்தூசியாஸ்ட்'. இவையெல்லாம் வேலை மேசையில் பசைக் குழாய்க்குப் பக்கத்தில் விரித்து வைக்கப்பட்டவை. அளவுப் படத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போட்டவர்கள் ஏராளம். பெரும்பாலான நூலகங்கள் இவற்றை வாங்கி வைக்கவும் இல்லை. அதனால் ஒரு பக்கமும் குறையாத பிரதி அபூர்வம். சேகரிப்பவர் அதற்காகத்தான் அலைகிறார்.

நம் பக்கத்திலும் இந்த அலைச்சல் உண்டு, இதழ்தான் வேறு. 1972-ல் வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழான 'இரும்புக்கை மாயாவி'யைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸின் ஆரம்ப எண்களுக்கும் அதே மவுசு. அதற்கும் முன்னால், 1950 அக்டோபரிலிருந்து 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களை வாரவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் தமிழ்நாடு முழுக்க இருந்தன. தா.பழூர் மாதிரியான ஊர்களில், ஓட்டு வீட்டுப் பரணில், ட்ரங்குப் பெட்டிக்குள், இன்றும் அப்படி ஒரு பைண்டு கிடைக்கலாம். மணியத்தின் ஓவியங்களோடு, அந்தக் காலத்து விளம்பரங்களோடு. அதை எடைக்குப் போடுவதற்கு முன்னால் இந்தக் கட்டுரையைப் படித்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

தா.பழூரை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து நீலத்தநல்லூர்ப் பாலம் வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து ஜெயங்கொண்டம் போகிற வழியில் இருக்கிறது இந்த ஊர். வடக்கே ஜெயங்கொண்டம் பகுதியில் மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. வடமேற்கே அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக் கல். பழைய இதழைப் பழுப்பாக்குகிற பொருளின் புதைந்த வடிவம் ஒரு திசையில். அதை நொறுக்குகிற அமிலத்துக்கு மருந்து இன்னொரு திசையில்.

முதலில் பழுப்பு. மரத்தில் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குகிற பொருள் லிக்னின். மரத்தின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதுதான். மரம் நிமிர்ந்து நிற்பது அதனால்தான். எளிதில் மட்காத பொருள் என்பதால், மரம் சதுப்பில் புதைந்து கோடிக்கணக்கான ஆண்டு அழுந்தும்போது கரியாக மிஞ்சுவதில் பெரும்பங்கு அதனுடையது. ஜெயங்கொண்டத்து நிலக்கரியும் அப்படி உருவானதே. 1840-களில் ஜெர்மனியின் சாக்சனியில் கெல்லர் என்பவர், மரத்தை அரவைக்கல்லில் தேய்த்துக் கூழாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். தாள் மலிந்தது, செய்தித்தாளும் வார இதழும் ஏழை வீட்டுக்கும் வந்தன. எவ்வளவு பெரிய மாற்றம் அது! ஆனால் அரைத்த கூழில் லிக்னின் அப்படியே தங்கிவிட்டது. நியூஸ்பிரிண்ட் என்கிறோமே, அது பெரும்பாலும் இந்தக் கூழ்தான். வெளிச்சத்திலுள்ள புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் பட்டால் லிக்னின் மூலக்கூறுகள் உருமாறி, நீல ஒளியை விழுங்கும் பொருள்களாகின்றன. நீலம் குறைந்த வெள்ளை, நம் கண்ணுக்குப் பழுப்பு.

நொறுங்குவதன் கதை வேறு. தாளின் உடம்பு செல்லுலோஸ். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் பூச்சரம்போல வரிசையாகக் கோக்கப்பட்ட நீண்ட மூலக்கூறு அது. சரம் நீளமாக இருக்கும்வரை தாளை எத்தனை முறை மடித்தாலும் தாங்கும். தாளில் எழுதும் மை பரவாமலிருக்க அதற்குப் பசை ஏற்ற வேண்டும். 1807-ல் இல்லிக் என்ற ஜெர்மானியர், குங்கிலியத்தையும் படிக்காரத்தையும் கூழோடு கலந்துவிடும் சுலப வழியை வெளியிட்டார். ஆலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. பிறகு படிக்காரத்தின் இடத்துக்கு அலுமினியம் சல்பேட் வந்தது. ஈரம் பட்டால் அதிலிருந்து கந்தக அமிலம் பிறக்கிறது. அந்த அமிலம் செல்லுலோஸ் சரத்தைக் கண்ட இடத்தில் அறுக்கிறது. அறுபடும்போது புது அமிலங்களும் உண்டாவதால், நோய் முற்ற முற்ற வேகமும் கூடுகிறது. இதழை அழிப்பது வெளியிலிருந்து வந்த எதிரி அல்ல, ஆலையிலேயே உள்ளே வைத்து அனுப்பப்பட்ட ஒன்று.

அமெரிக்காவின் வில்லியம் பாரோ 1900-லிருந்து 1949 வரை அச்சான 500 நூல்களின் தாளைச் சோதித்தார். ஐம்பது ஆண்டுக்கு மேல் தாங்கக்கூடியவை நூற்றுக்கு மூன்றுதான் என்று 1959-ல் வெளியான அவருடைய அறிக்கை சொன்னது. நூலகங்கள் பதறிப்போயின. பாரோ மருந்தும் சொன்னார். தாளை முதலில் சுண்ணாம்புத் தெளிநீரில் நனைத்து அமிலத்தைப் போக்க வேண்டும். பிறகு கால்சியம் பைகார்பனேட் கரைசலில் நனைத்தால், காயும்போது நார்களுக்கிடையே நுண்ணிய சுண்ணாம்புத் துகள் படிந்து நிற்கும். பின்னால் பிறக்கும் அமிலத்தை அது அவ்வப்போது செயலிழக்கச் செய்யும். 1994-ல் வந்த நிலைத்த தாளுக்கான உலகத் தரம் ஐஎஸ்ஓ 9706 கேட்பதும் இதைத்தான்: தாளின் எடையில் குறைந்தது நூற்றுக்கு 2 பங்கு கால்சியம் கார்பனேட்டுக்கு இணையான காரம் உள்ளே இருக்க வேண்டும்.

அந்தக் கால்சியம் கார்பனேட்தான் அரியலூர்க் கல். இங்கே ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுக்கு முன் கடல் இருந்தது. கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் சுண்ணாம்புக் கல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பல இடங்களில் அது கல்லாகவே தெரியாது. தடித்த சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக இறுகிக் கிடக்கும். அந்த உயிர்கள் கடல்நீரிலிருந்து கால்சியத்தை எடுத்து ஓடு கட்டிக்கொண்டன. அவற்றின் மிச்சம் இன்று சிமென்ட் ஆலைக்குப் போகிறது. அதே வேதிப்பொருள் இன்று நகலெடுக்கும் தாள்களிலும் வெண்மைக்காகச் சேர்க்கப்படுகிறது. அந்தத் தாள் நீண்ட நாள் தாங்குவது கூடுதல் பலன். அம்மோனைட்டுகள் நீந்திய காலத்து உயிர்கள் கட்டிய பொருள் இன்று ஒரு பக்கத்துக்குள் காவல் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

பழைய இதழின் மணமும் இந்த வேதியியலோடு சேர்ந்ததுதான். லிக்னின் சிதையும்போது வெனிலின் பிறக்கிறது, ஐஸ்கிரீமில் நாம் அறிந்த அதே வாசம். செல்லுலோஸ் சிதையும்போது ஃபர்ஃபுரால் வருகிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த மாதியா ஸ்ட்ர்லிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2009-ல், தாளிலிருந்து எழும் ஆவிகளை அளந்தே அதன் உடல்நிலையைச் சொல்ல முடியும் என்று காட்டினார்கள். தாளைத் தொடாமல், கிழிக்காமல்.

மாதிரிக் கார்களுக்கும் இதே விதி நேர்ந்தது. 1950-களில் கார் விற்பனையகங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுத்த சிறு கார்கள் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. நாளாக ஆக அவை வளைந்து கோணின. தாளும் காரும் ஒரே குடும்பம். இரண்டிலும் இருப்பது செல்லுலோஸ். அசிடேட் வகைத் திரைப்படச் சுருள் சிதைந்து புளிக்காடி மணம் வீசுவதற்கும் காரணம் இந்தக் குடும்பக் குணம்தான். 1948-ல் அந்தச் சுருள் சந்தைக்கு வந்து பத்தாண்டுக்குள், கோடாக் நிறுவனத்துக்கு முதல் புகார் போனது இந்திய அரசிடமிருந்து. நம் வெப்பமும் ஈரமும் அவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிட்டன.

வெப்பத்தைப் பற்றி ஒரு கணக்கு. 5 டிகிரி செல்சியஸ் கூடினால் தாளின் சிதைவு ஏறக்குறைய இரட்டிக்கும் என்று காப்பகத்தார் தோராயமாக வைத்துக்கொள்வார்கள். 20 டிகிரி அறையில் இருக்கிற பிரதியோடு, சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் பரணில் இருக்கிற பிரதியை ஒப்பிட்டால் பதினாறு மடங்கு வேகம். பரணில் ஒரு நாள், 20 டிகிரி அறையில் பதினாறு நாள். ஆகவே பைண்டைப் பரணிலிருந்து இறக்குங்கள். தரையோடு ஒட்டாத அலமாரியில், வெளிச்சுவரைத் தொடாமல், வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள். பாச்சை உருண்டை ராமபாணப் பூச்சியை விரட்டலாம், அமிலத்தை ஒன்றும் செய்யாது. கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை பழுத்துத் தாளுக்குள் இறங்கும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை மெதுவாக நிமிர்த்திக் கழற்றிவிடலாம், ஏனென்றால் இரும்பும் சிதைவை முடுக்குகிறது. நல்ல நகல் தாளைப் பக்கங்களுக்கிடையே செருகினால் கொஞ்சம் அமிலத்தை அது வாங்கிக்கொள்ளும். சுண்ணாம்புத் தண்ணீரை மட்டும் வீட்டில் முயலாதீர்கள். மை கரையும், பளபளப்புத் தாள் பாழாகும். அமிலம் போக்குவது அறுபட்ட சரத்தை ஒட்டவைக்கவும் செய்யாது; மேலும் அறுபடாமல் தடுக்கும், அவ்வளவே.

படமெடுத்துக் கணினியில் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். படிக்க அது போதும். 'ஆனந்த விகடன்' 1940-லிருந்து தொடராக வெளியிட்ட 'என் சரித்திரம்', அரியலூர் சடகோபையங்காரிடம் தமிழ் கற்ற ஒரு சிறுவனின் கதை. அந்தச் சிறுவனான உ.வே.சா. 1942-ல் மறைந்ததால் பாதியில் நின்றது. நூலாக 1950-ல் வந்தது. கதை நூலில் இருக்கிறது. ஆனால் போர்க்காலத்துத் தாளில், அந்த வாரத்துச் செய்திகளுக்கும் விளம்பரங்களுக்கும் நடுவே வாசகர் அதை எப்படிச் சந்தித்தார் என்பது இதழில்தான் இருக்கிறது. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் கடை வைத்திருந்த ரோஜா முத்தையா இதை உணர்ந்தவர். நூல்களோடு இதழ்கள், நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் வரை சேர்த்தார். 1992-ல் அவர் காலமானபின் ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகளைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, ஊரைவிட்டு எடுத்துப்போகாமல் சென்னையிலேயே நூலகமாக நிறுவியது. தமிழ்ச் சமூக வரலாறு எழுதுகிறவர்கள் இன்று அங்கேதான் போகிறார்கள். யாரும் பொருட்படுத்தாததைப் பொருட்படுத்திய ஒரு மனிதரின் உழைப்பு அது.

மாதிரிக் கார் இதழில் இன்னொன்றும் தாளைவிட்டுப் பிரியாது: அளவு. 4.3 மீட்டர் நீள அம்பாசிடரை 25-ல் ஒரு பங்காக வரைந்தால் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் வரும். ஈரம் ஏறினால் தாளின் நார் நீளவாக்கில் அதிகம் வளராது, பருமனில் ஊதும். நார்கள் பெரும்பாலும் ஆலை ஓட்டத்தின் திசையில் படிந்திருப்பதால் தாள் குறுக்குத் திசையில் விரியும். அது நூற்றுக்கு ஒரு பங்கு விரிந்தால்கூடப் படத்தில் 1.7 மில்லிமீட்டர், நிஜக் காரில் நாலு சென்டிமீட்டருக்கு மேல். கதவு பொருந்தாது. அதனால்தான் கவனமான கட்டுநர் படத்தின் அடியில் அச்சான அளவுகோலையும் சேர்த்து அளப்பார். படம் விரிந்த அளவுக்கு அதுவும் விரிந்திருக்கும். ஓரத்தைக் கத்தரித்துப் பைண்டு செய்த பிரதியில் அந்தக் கோல் போய்விட்டால், படம் இருந்தும் பாதிப் பயன்தான்.

கொள்ளிடக் கரையில் வாழ்கிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று மிச்சம். வெள்ளத்தில் இதழ் நனைந்தால் வெயிலில் காயப்போடத்தான் கை போகும். பளபளப்புத் தாளின் மேற்பூச்சில் களிமண்ணும் பசையும் இருக்கின்றன. ஈரத்தோடு அழுந்திக் காய்ந்தால் பக்கங்கள் ஒட்டி ஒரே கட்டையாகிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. இரண்டு நாளைக்குள் பூஞ்சையும் பிடிக்கலாம். 1972-ல் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியக நூலகம் வெள்ளத்தில் மூழ்கியபோது, நனைந்த நூல்களை உறையவைத்தே காப்பாற்றினார்கள். நாமும் செய்யலாம். சேற்றை மெதுவாகக் கழுவி, மெழுகுத்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, ஐஸ் கம்பெனியிலோ மீன் கடையின் உறைபெட்டியிலோ வைத்துவிட்டால் சிதைவு அந்த இடத்தில் நிற்கும். ஆற அமர ஒவ்வொன்றாக எடுத்து மின்விசிறிக் காற்றில் உலர்த்திக்கொள்ளலாம். வெற்றிட அறை வசதியுள்ள காப்பகத்தில் என்றால் பனிக்கட்டி நீராகாமலே நேரே ஆவியாகும். இடையில் நீரே இல்லாததால் பளபளப்புப் பக்கங்களும் ஒட்டாமல் பிரிய வாய்ப்புண்டு.