கண்ணீரைத் தேக்கும் சிறு அடைப்பான்



எங்கள் பள்ளிக்குப் பேத்தியைக் கைப்பிடித்து அழைத்து வரும் அம்மா ஒருவர் இருந்தார். முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய கை அவருடையது. காலையில் பார்த்தாலும் மாலையில் பார்த்தாலும் அவர் கண்களில் நீர் வழிந்துகொண்டேயிருக்கும். முந்தானையால் துடைத்தபடியே பள்ளி வாசலில் நிற்பார். சில நாளில் லயத்தில் பேச்சுக் கிளம்பிவிட்டது. "மருமகள் சரியாகச் சோறு போடுவதில்லையாம், அதனால்தான் கிழவி ஓயாமல் அழுகிறாள்" என்றார்கள். அந்த மருமகள் கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். "நான் அழவில்லை, ஐயா. கண்தான் எரிகிறது" என்று அந்த அம்மா சொல்லிச் சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், நாங்களும் பாதிதான் நம்பினோம்.

ஒருவர் கண்ணேறு என்றார். ஒருவர் தாய்ப்பால் விடச் சொன்னார். கடையில் வாங்கிய சொட்டு மருந்தும் விட்டுப் பார்த்தாயிற்று. கடைசியில் அரசாங்க மருத்துவமனையின் கண் பிரிவுக்கு நாங்களே அவரை அழைத்துச் சென்றோம். பரிசோதித்த மருத்துவர், "அம்மா, உங்கள் கண் வறண்டு போயிருக்கிறது" என்றார். நாங்கள் திகைத்தோம். நீர் கொட்டும் கண் எப்படி வறண்ட கண்ணாகும்? அந்தக் கேள்விக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நேயர்களே, கண்ணீர் அழுவதற்கு மட்டும் உண்டானதன்று. நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு நொடியும் கண்மணியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. அதில் மூன்று பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. அடியில், படலத்தைக் கண்ணோடு ஒட்டவைக்கும் வழுவழுப்பு. நடுவில் நீர். மேலே, குழம்பில் மிதக்கும் எண்ணெய்போல, மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. நீரைச் சுரப்பது கண்ணுக்கு மேலே, வெளிப்புறமாக, வாதுமைக் கொட்டை அளவில் இருக்கும் சுரப்பி. எண்ணெயைச் சுரப்பவை இமையோரத்தில் வரிசையாக அமைந்த சிறு சுரப்பிகள். அந்த எண்ணெய் இல்லாவிட்டால் நீர் விரைவில் காற்றில் உலர்ந்துபோகும். நாம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 தடவை கண் சிமிட்டுகிறோம். ஒவ்வொரு சிமிட்டலும் இந்தப் படலத்தைப் புதிதாகப் பூசிவிடுகிறது.

பூசி மிஞ்சிய நீர் எங்கே போகிறது? கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று கீழ் இமையின் மூக்கோரத்தை மெதுவாக வெளிப்புறம் இழுத்துப் பாருங்கள். ஊசி முனையால் குத்தியதுபோல ஒரு சின்னத் துளை தெரியும். மேல் இமையிலும் அப்படி ஒன்று உண்டு. ஆக இரண்டு கண்ணுக்கும் நான்கு துளைகள். இவையே கண்ணீரின் வடிகால் வாய்கள். இங்கிருந்து மெல்லிய குழாய்கள் வழியாக நீர் ஒரு சிறு பைக்குப் போய், பிறகு மூக்கினுள் இறங்குகிறது. அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவதும், கண்ணில் விட்ட மருந்து சற்று நேரத்தில் தொண்டையில் கசப்பதும் இதனால்தான்.

இனி நம் கேள்விக்கு வருவோம். படலம் குறைந்து கண் வறண்டால் எரிச்சல் உண்டாகிறது. கண்ணில் தூசி விழுந்தால் என்ன நடக்குமோ அதுவே அப்போதும் நடக்கிறது. நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்ப, சுரப்பி அவசரமாக நீரைக் கொட்டுகிறது. காய்ந்து இறுகிய நிலத்தில் திடீரென்று பெய்த மழை ஊறாமல் ஓடிவிடுவது போல, அந்த நீர் கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடுகிறது. கன்னம் நனைகிறது, கண்ணோ மறுபடியும் காய்கிறது. அந்த அம்மா சொன்னது முழு உண்மை. அவர் அழவில்லை.

கண் வறண்டவர்களுக்கு மணல் விழுந்ததுபோன்ற உறுத்தல், எரிச்சல், சிவப்பு, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம் ஆகியவை இருக்கும். படிக்கும்போது எழுத்து மங்கி, கண் சிமிட்டியதும் தெளியும். வயது ஏற ஏற இது மிகுதி. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இன்னும் மிகுதி. நீரிழிவு, மூட்டு வாதம், தைராய்டு நோய் உள்ளவர்களுக்கும், சளி, அரிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான சில மருந்துகளை உண்பவர்களுக்கும் வரலாம். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். கண்ணோடு வாயும் சேர்ந்து வறண்டால் அதையும் மறவாமல் சொல்லவேண்டும். அது சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஷோகிரன் 1933-இல் விளக்கி எழுதிய நோயாக இருக்கலாம். அடுப்புப் புகை, சிகரெட்டுப் புகை, முகத்துக்கு நேரே சுழலும் காற்றாடி, கண் இமைக்காமல் கைப்பேசி பார்ப்பது ஆகியவை வறட்சியை வளர்க்கும்.

மருத்துவர் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? கீழ் இமையின் உட்புறம் ஒரு மெல்லிய காகிதத் துண்டை 5 நிமிடம் வைத்து, எவ்வளவு தூரம் நனைகிறது என்று அளக்கிறார். சோதனை எளிது, 1903 முதல் வழக்கில் இருப்பது. 5 மில்லிமீட்டர்கூட நனையாவிட்டால் கண்ணீர் குறைவு என்பது தெரிகிறது. ஒரு சாயச் சொட்டை விட்டு நீல ஒளியில் பார்த்து, கண்மணியின் மேற்பரப்பில் புண் உண்டா என்றும் அறிகிறார்.

முதல் சிகிச்சை எளியது. செயற்கைக் கண்ணீர் என்னும் சொட்டு மருந்து. வெதுவெதுப்பான ஈரத்துணியை மூடிய இமை மேல் 5 முதல் 10 நிமிடம் வைத்தல். இமையோரத்தைச் சுத்தமாக வைத்தல். நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் சொட்டு விட வேண்டியவர்களுக்கு, கெடாமல் காக்கும் இரசாயனம் சேராத மருந்தே நல்லது. பலருக்கு இவ்வளவே போதும். போதாதவர்களுக்குத்தான் அந்தச் சிறு அடைப்பான்.

நிலத்தில் நீர் குறைந்த காலத்தில் உழவர் என்ன செய்கிறார்? மடையை அடைத்து, இருக்கிற நீரைத் தேக்குகிறார். கண்ணிலும் அதே வேலைதான். சுரக்கும் கண்ணீர் குறைவு. அந்தக் குறைந்த நீரும் வடிந்துபோகாதபடி வடிகால் வாயில் ஓர் அடைப்பான் வைக்கப்படுகிறது. பெரும்பாலும் கீழ்த் துளையில்தான் முதலில் வைப்பார்கள். அதன் நீளம் ஓரிரண்டு மில்லிமீட்டர்தான், அரிசிமணியைவிடச் சிறியது. சில அடைப்பான்கள் சில நாள்களில் தாமே கரைந்துவிடும். பயன் இருக்கிறதா என்று பார்க்க இவற்றை முதலில் வைப்பதுண்டு. சிலிக்கோனால் ஆனவை கரையாமல் நெடுநாள் இருக்கும். வேண்டாம் என்றால் மருத்துவர் எடுத்துவிடலாம். முற்காலத்தில் துளையைச் சூட்டுக்கோல் போன்ற கருவியால் சுட்டு மூடுவார்கள். எடுத்துவிடக்கூடிய சிலிக்கோன் அடைப்பானைப் பற்றி 1975-இல் அமெரிக்க மருத்துவர் பிரீமன் எழுதினார். அதன்பின் இம்முறை பரவியது.

இதற்குக் கத்தி வேண்டாம். மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைப்பதும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சில நிமிடத்தில் முடியும். மரத்துப்போகும் சொட்டு ஒன்றை விடலாம். துளையின் அளவைப் பார்த்துப் பொருத்துவார்கள். சற்றே அழுத்தும் உணர்ச்சி இருக்கும். அன்றே வீடு திரும்பலாம்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அடைப்பான் கண்ணீரைச் சுரக்க வைக்காது. இருப்பதைத் தேக்கும், அவ்வளவே. ஆகவே பலர் சொட்டு மருந்தையும் தொடரவேண்டியிருக்கும். விடும் தடவைகள் குறையலாம். இமையில் அழற்சியோ கண்ணீர்ப் பையில் சீழோ இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்தவேண்டும். சேறு கலந்த நீரைத் தேக்கினால் நிலத்துக்கு நன்மை உண்டா?

அடைப்பான் வைத்தபின் கண்ணின் மூக்கோரத்தைக் கசக்கக்கூடாது. கசக்கினால் விழுந்துவிடும். விழுந்தால் அஞ்ச வேண்டாம், வேறொன்று வைக்கலாம். சிலருக்கு நீர் அதிகமாகத் தேங்கி வழியும்; சிலருக்கு உறுத்தும். அதை மருத்துவரிடம் சொல்லவேண்டும். ஊசியாலோ நகத்தாலோ நீங்களே எடுக்க முயலக்கூடாது. மூக்கோரம் வீங்கினாலும், வலித்தாலும், சீழ் வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தாய்மார்களுக்கு இன்னும் சில சொற்கள். தாய்ப்பால் குழந்தைக்கு உணவு, கண்ணுக்கு மருந்தன்று. எண்ணெயும் வேண்டாம். பக்கத்து வீட்டார் மிச்சம் வைத்த சொட்டு மருந்தும் வேண்டாம். சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். மருத்துவர் பார்வையில்லாமல் நெடுநாள் விட்டால் கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம், கண்புரையும் வரலாம். சிறுபிள்ளைகளின் கண் வறண்டு, அந்தி நேரத்தில் தடுமாறினால் அது வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம். அதற்கு அடைப்பான் மருந்தன்று. உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். முருங்கைக்கீரை, பப்பாளி, பூசணி, முட்டை இவற்றைச் சோற்றோடு கொடுத்துப் பழக்குங்கள். களைக்கொல்லியோ அமிலமோ கண்ணில் தெறித்தால் அது வேறு வகை ஆபத்து. குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டேயிருந்து, பிறகு மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

கண் தொல்லை நீடித்தால் முதலில் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே 1 வெள்ளிதான் கட்டணம். தேவையானால் கண் நிபுணரிடம் காட்ட அவர்களே கடிதம் தருவார்கள்.

அந்த அம்மாவுக்கு இரண்டு கீழ்த் துளைகளிலும் அடைப்பான் வைத்தார்கள். முதல் வாரம் ஒன்று விழுந்துவிட்டது, மறுபடியும் வைத்தார்கள். சொட்டு மருந்தை இன்றும் விடுகிறார். முந்தானை மட்டும் கண்ணுக்குப் போவதில்லை. அந்த ஆண்டுத் திருவிழாவில் மாமியாரும் மருமகளும் ஒன்றாகப் பால்குடத்தின் பின்னே நடந்து வந்தார்கள். லயத்தில் யாரும் ஒன்றும் பேசவில்லை. பேசியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவர்களோடு நாங்களும்தான்.

ஆகவே நேயர்களே, ஒருவர் கண்ணில் நீரைக் கண்டால் கதை கட்டுவதற்கு முன்னே, "கண் எரிகிறதா, அம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.