சகமாணவர்வழிக் கற்றலும் அதன் எல்லைகளும்

வணிகக் கல்வியில் மாணவர் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் முறையினை விளக்குவதற்கு, ஐக்கிய அமெரிக்காவில் 1908இல் தொடங்கப்பெற்ற ஹாவார்ட் வணிகக் கல்லூரியை நாம் எடுத்துக்கொள்ளலாம். சட்டம் பயின்றவரான வாலஸ் டொனம் 1919இல் அதன் பீடாதிபதியானார். சட்டக் கல்வியில் நிலவிய வழக்காய்வினை ஒத்த ‘விடய ஆய்வு’ முறை அவர் காலத்திலேயே அங்கு வேரூன்றியது.

ஒரு நிறுவனம் எதிர்கொண்ட சிக்கல் எழுத்துருவில் மாணவருக்கு வழங்கப்படுகின்றது. அவர்கள் அதனைத் தனியே வாசித்து, சிறு குழுக்களிற் கூடி ஆராய்ந்து, பின்னர் வகுப்பில் தத்தம் முடிபுகளை நிறுவுகின்றனர். ஆசிரியர் விடை பகர்வதில்லை. வினாக்களைத் தொடுத்து விவாதத்தை நெறிப்படுத்துகின்றார்.

இம்முறையிற் சகமாணவரின் அறிவும் அனுபவமுமே கற்றலின் ஊற்றாகின்றன. ஆகவே, அம்மாணவர் யாவர் என்பது அடிப்படை வினாவாகின்றது. அங்கு இரண்டாண்டு வணிக நிருவாக முதுமாணிப் பட்டநெறியின் முதலாண்டுக்கே பெண்கள் சேர்க்கப்பட்டது 1963இலேதான். மேலும், முகாமையாளரின் இடத்தில் நின்றே தீர்வு காணுமாறு மாணவர் பெரும்பாலும் பணிக்கப்படுவதால், தொழிலாளரின் நோக்கு விவாதத்துக்குப் புறத்தே நின்றுவிடுகின்றது.

கருத்துப் பகிர்வின் பயன், பேசுவோரின் தொகையிலன்று, அவர்தம் வாழ்நிலைகளின் வேறுபாட்டிலேயே தங்கியுள்ளதென நாம் கருதுகின்றோம்.