மென்பொருள் பட்டியலுக்கு முன் ஒரு மனவரைபடம்

பலரும் வந்துபோகும் பொதுக் கணினிக்கூடத்தில் எந்தெந்த மென்பொருள் இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் கணினி விற்பவரே முடிவு செய்துவிடுகிறார். ஒரு ஆபீஸ் தொகுப்பு, ஒரு வைரஸ் தடுப்பான், படம் திருத்த ஏதோ ஒன்று என்று வழக்கமான பட்டியலோடு கணினிகள் வந்து இறங்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பாதி மென்பொருளை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். தேவைப்பட்ட ஒன்று இருக்காது. மனவரைபடம் இந்த வரிசையை மாற்றுகிறது. முதலில் ஆட்கள், அடுத்து அவர்கள் செய்ய வந்த வேலை, கடைசியில்தான் மென்பொருளின் பெயர்.

தாளின் நடுவில் பொருளை எழுதி, அதிலிருந்து கிளைகளும் உட்கிளைகளுமாக எண்ணங்களை விரித்துக்கொண்டு போவதே மனவரைபடம். இதை உலகெங்கும் பரப்பியவர் பிரிட்டனைச் சேர்ந்த டோனி புஜான். 1974-இல் பிபிசி ஒளிபரப்பிய அவரது தொலைக்காட்சித் தொடர் வழியாக அது பலரைச் சென்றடைந்தது. கிளைக்கு ஒரே ஒரு சொல், ஒவ்வொரு பெருங்கிளைக்கும் தனி நிறம் என்பவை அவர் வகுத்த விதிகள். நினைவாற்றலைப் பெருக்கும் என்று அவர் சொன்னதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு கதை. பத்துப் பேர் கூடி ஒரு தேவையை யோசிக்கும்போது யாருடைய பேச்சும் விடுபடாமல் தாளில் ஏறுகிறது என்பதே இங்கே முக்கியம்.

இந்த முறையின் பயனைப் பார்க்க, கேரளத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி எல்லை ஊர்களைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. மாநில எல்லைகள் மாற்றி வரையப்பட்ட 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு விழுந்தாலும் உறவும் நிலமும் சந்தையும் இருபுறமும்தான். கேரளப் பக்கத்து இஞ்சிவிளையில் வீடும் தமிழ்நாட்டுப் பக்கத்துக் களியக்காவிளையில் கடையும் இருப்பது இங்கே அதிசயம் இல்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளரும் பிள்ளைகளும், எல்லைக்கு அப்பால் அதற்கு நேர்மாறாக வளரும் பிள்ளைகளும் உண்டு. இத்தகைய ஊரின் வாசகசாலையிலோ பள்ளியிலோ உள்ள கணினிக்கூடத்துக்குத் திருவனந்தபுரத்தில் தயாரான பட்டியலும் போதாது, சென்னையில் தயாரானதும் போதாது.

நடுவில் ‘கணினிக்கூடம்’ என்று எழுதி, பள்ளி மாணவர், வேலை தேடுவோர், நெசவு மற்றும் சிறுதொழில் செய்வோர், அரசுக் காகிதம் வேண்டி வருவோர் என நான்கு பெருங்கிளைகளை இழுக்கலாம். மாணவர் கிளை எளிது. கேரளப் பள்ளிகளில் 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் இடத்தில் 2017-இல் வந்த கைட் நிறுவனம் கட்டற்ற மென்பொருளையே நம்புகிறது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் குனு/லினக்ஸில் லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா எல்லாம் சேர்ந்தே வருகின்றன. பாடத்தில் உள்ளதே கூடத்திலும் இருந்தால் போதும்.

வேலை தேடுவோரின் கிளையில்தான் படம் வேகமாக வளர்கிறது. ‘விண்ணப்பம்’ என்று எழுதியவுடன் அது இரண்டாகப் பிரியும்: கேரள பி.எஸ்.சி. ஒருபக்கம், டி.என்.பி.எஸ்.சி. மறுபக்கம். இரண்டிலும் ஒருமுறைப் பதிவு உண்டு. இரண்டும் புகைப்படத்தையும் கையொப்பத்தையும் கேட்கும். கேரள பி.எஸ்.சி. புகைப்படத்தின் அடியில் பெயரும், படம் எடுத்த தேதியும் பொறித்திருக்க வேண்டும். கோப்பின் அளவுக்கும் வரம்பு உண்டு. ஆகவே ‘படம் திருத்துதல்’ என்ற பெரிய தேவை, வெட்டுதல், சுருக்குதல், இரண்டு வரி எழுதுதல் என்று மூன்று சிறிய வேலைகளாக இறங்கிவிடுகிறது. அதற்கு ஜிம்ப் தாராளமாகப் போதும். காசு கொடுத்து வாங்கும் எந்த மென்பொருளும் வேண்டாம். இன்னும் சரியாகச் சொன்னால், அங்கே குறைவது மென்பொருள் அல்ல, ஒரு ஸ்கேனரும் சுவரில் ஒட்டிய ஒருபக்கக் குறிப்புமே.

நெசவுக் கிளை சிறியது, ஆனால் விட்டுவிடக் கூடாதது. நெய்யாற்றின்கரை தாலுகாவில் உள்ள பாலராமபுரத்தின் கைத்தறிக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர் என்ற நெசவாளர் சமூகத்தினர். கசவு எனப்படும் சரிகைக் கரையின் வடிவங்களை வரைந்து வைத்துக்கொள்ள மாணவர் கிளையில் ஏற்கெனவே இருக்கும் இங்க்ஸ்கேப்பே உதவும். இங்கே மனவரைபடத்தின் ஒரு குறையும் வெளிப்படுகிறது. மரத்தில் ஒரு இலை ஒரே கிளையில்தான் இருக்க முடியும். மென்பொருளோ பல கிளைகளுக்குச் சொந்தம். புள்ளிக்கோடுகளால் கிளைகளை இணைத்து இதைச் சமாளிக்கலாம். எந்த மென்பொருளை நோக்கி அதிகப் புள்ளிக்கோடுகள் ஓடுகின்றனவோ அதுவே முதலில் நிறுவ வேண்டியது. உலாவியும் பி.டி.எஃப். கருவியும் அநேகமாக எல்லாக் கிளைகளிலும் வந்து நிற்கும்.

அவற்றோடு சேர்ந்து நிற்பது மொழி. எல்லையூர்ப் படத்தில் அதை ஐந்தாவது பெருங்கிளையாகவே வரைய வேண்டும். தமிழ்நாட்டில் படிப்பவருக்கு 1999-இல் வந்த தமிழ்99 விசைப்பலகை வேண்டும். கேரளப் பள்ளியில் தட்டச்சு பழகியவருக்கு இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை கைவரும். இன்ஸ்கிரிப்டில் இந்திய மொழிகளின் ‘க’ எல்லாம் ஒரே விசையில் இருப்பதால், மலையாளம் அடிக்கத் தெரிந்த விரல்களுக்குத் தமிழும் சீக்கிரம் வசப்படும். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாக எல்லா விசைப்பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். எழுத்துருக்களைத் தேடியும் அலைய வேண்டியதில்லை: மலையாளத்துக்கு மீரா எழுத்துருவைத் தந்த சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவே தமிழுக்கு மீரா இனிமையையும் தந்திருக்கிறது. சிக்கல் பழைய கோப்புகளில். யூனிகோடுக்கு முன்பு தமிழ்நாட்டில் வானவில், கேரளத்தில் எம்.எல்.-டி.டி. கார்த்திகா போன்ற எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் திறந்தால் குழம்பிய ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடு மாற்றி ஒன்று வேண்டும் என்று எந்த விற்பனைப் பட்டியலும் சொல்லாது.

அரசுக் காகிதக் கிளையில் கேரளத்தின் இ-டிஸ்ட்ரிக்ட், தமிழ்நாட்டின் இ-சேவை, இரு மாநில நில ஆவணத் தளங்கள் என்று பல வரும். அவை இணையதளங்களே, புதிய மென்பொருள் ஒன்றும் கேட்பதில்லை. கேட்பது வேறொன்றை. ஒருவர் எழுந்ததும் அதே நாற்காலியில் அடுத்தவர் உட்கார்கிறார். முன்னவரின் ஆதார் நகல் கோப்பாக அங்கேயே கிடக்கிறது, அவருடைய பி.எஸ்.சி. கடவுச்சொல் உலாவியில் பதிந்திருக்கிறது. எனவே வெளியேறியவுடன் எல்லாவற்றையும் அழித்துவிடும் விருந்தினர் கணக்கு கட்டாயத் தேவை. இதைக் கேட்டு எவரும் வருவதில்லை. ‘அடுத்தவர்’ என்ற உட்கிளையை வரைந்தால் மட்டுமே கண்ணில் படும்.

இனி படத்தை அட்டவணையாக்க வேண்டும். கட்டாயம், இருந்தால் நல்லது, வேண்டாம் என மூன்று பத்திகள் போதும். இங்கே கணினிகளின் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பல பழைய கணினிகள் விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. அவற்றில் லினக்ஸ் ஓடும். மழைக்காலத்தில் இணையம் அறுந்துபோகும் ஊர்களில், இணையம் இல்லாமலும் வேலை செய்யும் மென்பொருளுக்கே முதலிடம் தர வேண்டும்.

படத்தைக் கணினியில் வரைய விரும்புவோருக்கு ஃப்ரீமைண்ட், அதிலிருந்து பிரிந்து வளர்ந்த ஃப்ரீபிளேன் ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழையும் மலையாளத்தையும் ஒரே படத்தில் எழுதலாம். ஆனால் முதல் அமர்வுக்கு ஒரு சார்ட் தாளும் ஐந்து நிறப் பேனாக்களுமே நல்லது. திரைக்கு முன்னால் தட்டச்சு தெரிந்தவர்தான் பேசுவார். தாளைச் சுற்றி நெசவுக்காரரும் வாய்திறப்பார். அந்த அமர்வைக் கணினிகளுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே நடத்திவிட வேண்டும்.